மாத்திரைச் சீட்டோடு பத்திரத்தையும் கொண்டு போ

காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஊரிலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் எழுதிய கடிதம். நீளமானது, ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, அம்மாவுக்கு 57 வயது. 22 வருஷமாக ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் தங்கி அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். மாதம் 3,000 ரூபாய் பேங்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டு வருஷமாக அதுவும் வரவில்லை. ஆவணியில் ஒரு பங்காளியின் மகன் போன் பண்ணி, வீட்டைக் கொடுத்தாச்சு, தைக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து 20 ரூபாய்ப் பத்திரத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அன்றிலிருந்து அம்மா தூங்குவதில்லை. படபடப்பு, நெஞ்சு அடைக்கிறது என்கிறார். மூன்று தடவை ஈசிஜி எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை. மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள், மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது போகிற தர்ம கிளினிக்கில், புதன்கிழமை வக்கீல் வருவார், பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வக்கீல் எதற்கு? மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் கோர்ட்டில் பைத்தியம் என்று எழுதிவிட மாட்டார்களா? குழு லோன் வேறு இரண்டு ஓடுகிறது. 'பேசாம ஊருணியில போய் விழுந்துரலாம் போல இருக்கு' என்று போன வாரம் சொன்னார். என்ன செய்வது?"

தங்கச்சி, அக்கா என்று எழுதியிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

ஊருணி விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறாய், நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். சும்மா வாய் வார்த்தையாகச் சொன்னார் என்று விடாதே. இன்றைக்கே அம்மாவிடம் நேராகக் கேள், "சாகணும்னு தோணுதாம்மா?" என்று. கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்படுகிறோம், அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் ஆளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதே, மாத்திரைகளை உன் கையில் வைத்துக்கொள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திராமல் உடனே டாக்டரிடம் சொல். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இனி எழுதுகிற எதுவும் அந்த மாத்திரைக்குப் பதில் இல்லை.

சரி, வக்கீல் எதற்கு?

நான் காரைக்குடியில் வக்கீல் தொழில் பார்க்கிறேன், வாரத்தில் ஒருநாள் இதே மாதிரி ஒரு கிளினிக்கில் உட்காருகிறேன் (நீ போகிற இடம் இல்லை). எனக்கென்று அங்கே அறை கிடையாது, ஓபி வராந்தாவின் கடைசியில் எடை பார்க்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். போன மாதம் ஓர் அம்மா வந்தார். டாக்டர் இரண்டு வருஷமாகத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்து வருகிறார், அளவைக் கூட்டியும் பார்த்தாச்சு. மஞ்சப்பையிலிருந்து பழைய ஓபி சீட்டை எல்லாம் எடுத்து வைத்தவர், கடைசியாகத் தயங்கித் தயங்கி இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், எட்டாக மடித்து, வியர்வையில் ஓரம் எல்லாம் நைந்துபோய். கோர்ட் சம்மன். தனக்கு என்னவோ தண்டனை வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு வருஷமாக யாரிடமும் காட்டாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். படித்துப் பார்த்தால் அவருடைய கொழுந்தனாரின் பாகப்பிரிவினை வழக்கு, இந்த அம்மாவுக்குப் பங்கு உண்டு என்பதால் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். பயந்து ஒளித்து வைத்தது பங்கு தருகிற காகிதத்தை! அவ்வளவு நாளும் வராமல் போனதில் கொஞ்சம் சிக்கல் ஆகியிருக்கிறது, அதை இப்போது சரி பண்ணிக்கொண்டிருக்கிறோம். டாக்டர் மேல் தப்பில்லை. "என்ன கவலை?" என்று அவர் கேட்டார், "ஒன்னுமில்லைங்க" என்று இவர் சொன்னார். "காகிதம் ஏதாச்சும் வந்துச்சா?" என்று யாருமே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வைத்தியம் பார்க்கிற இடத்திலேயே வக்கீலும் வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் குழந்தை டாக்டர். அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் பேரி சுக்கர்மன் என்பவர், 1993இல் தன் பிரிவிலேயே வக்கீலை வேலைக்கு வைத்தார். ஆஸ்துமாவுக்கு வருகிற ஏழைக் குழந்தைகள் மருந்து வாங்கிக்கொண்டு போவதும், சில வாரத்தில் அதே மூச்சிரைப்போடு திரும்பி வருவதுமாக இருந்திருக்கிறது. காரணம் வீட்டுச் சுவரில் பூத்திருந்த பூஞ்சை. அதைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், அவரைச் செய்ய வைக்க மருந்துச் சீட்டால் முடியாது, வக்கீல் நோட்டீஸால் முடியும். அதற்கப்புறம் அந்த நாட்டில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இது வந்துவிட்டது. வாடகைப் பிரச்சினை, நின்றுபோன உதவித்தொகை, அடிக்கிற புருஷன், கடன் தொல்லை என்று மனசை அரிக்கிற எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆள்.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, மனநோய் உள்ளவர் அந்தச் சட்டம் தருகிற உரிமைகளைப் பெற இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்கிறது, அதை அவருக்கு எடுத்துச் சொல்வது மனநல மருத்துவமனைப் பொறுப்பில் இருக்கிற மருத்துவரின் கடமை என்றும் சொல்கிறது. வீடு, சம்பளம், கடன் போன்ற மற்ற விஷயங்களுக்கு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. பெண் என்றால் போதும், வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள், வக்கீலும் கோர்ட் கட்டணமும் இலவசம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்ட நீதிமன்றத்திலும் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட் வளாகங்களில் வட்டக் குழு. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100க்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா என்ற பயம் இருக்கிறதே, உன்னை மாதிரி நூறு பேர் கேட்டுவிட்டார்கள். அதே 2017 சட்டத்தின் 3ஆவது பிரிவைக் கேள்: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று கண்டறிந்ததை மட்டும் வைத்து அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது, அப்படி அறிவிக்கத் தகுந்த நீதிமன்றத்தால்தான் முடியும். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் சொத்து வாங்கலாம், விற்கலாம், சாட்சி சொல்லலாம், வழக்குப் போடலாம். சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பது பிரிவு 23 தருகிற உரிமை. வக்கீலிடம் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் போன உடனேயே ஒன்று கேட்டுக்கொள்: "நீங்க எழுதற நோட்டும் டாக்டர் ஃபைலும் தனித்தனியா இருக்குமா?" என்று. நல்ல கிளினிக் என்றால் தனித்தனியாகத்தான் வைப்பார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு விஷயம் போக வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது வீடு. கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் ஊரில் யாராவது, "பன்னெண்டு வருஷம் இருந்தா வீடு நமக்குத்தான், விடாதீங்க" என்று ஏற்றிவிட்டிருப்பார்கள். இல்லை தங்கச்சி. வீட்டுக்காரர் இருக்கச் சொல்லி இருந்தவர், வீட்டைப் பார்த்துக்கொள்ள இருந்தவர், 22 வருஷம் என்ன, 50 வருஷம் இருந்தாலும் வீட்டில் உரிமை வராது. 2012இல் உச்ச நீதிமன்றம் காவலாளி, பராமரிப்பவர் விஷயத்தில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வழக்குப் போட்டு வீட்டையே பிடித்துவிடலாம் என்று எந்த வக்கீலாவது சொன்னால் ஃபீஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடு.

இதை ஏன் இவ்வளவு பட்டென்று சொல்கிறேன் என்றால், அம்மாவின் தூக்கத்தைத் தின்பது வீடு போவது மட்டுமில்லை என்று நினைக்கிறேன். எப்போது போகும், யார் வந்து நிற்பார்கள், சாமானைத் தூக்கி வெளியே போடுவார்களா, அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது, இது எதுவுமே தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது. வாசலில் பைக் சத்தம் கேட்டால்கூட நெஞ்சு அடைக்கும். வீடு போகும் என்று தெரிந்தே தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி தெரிய வேண்டும், போக இடம் தெரிய வேண்டும், கையில் எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டும்.

அதனால் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வோம். வீடு உண்மையிலேயே விற்றாச்சா? உன்னிடம் இருப்பது ஒரே ஒரு போன் பேச்சு. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒருத்தர் பேரில் இருப்பது அபூர்வம், பத்துப் பன்னிரண்டு புள்ளி (குடும்பம்) பங்கு இருக்கும், ஒருத்தர் கோலாலம்பூரில் இருப்பார், ஒருத்தருக்கு விற்க மனசிருக்காது, முழு வீட்டையும் விற்க வேண்டுமென்றால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு இல்லை. கிரயம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகவில்லை என்றால் போன் பண்ணியவர் எந்த அதிகாரத்தில் காலி பண்ணச் சொல்கிறார் என்று கேட்க உனக்கு வழி இருக்கிறது. (தூண், நிலை, கதவை மட்டும் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்பிவிட்டு மனையை அப்புறம் விற்கிற கதையும் நடக்கிறது. அப்படி யாராவது லாரியோடு வந்தால் அம்மா குறுக்கே போய் நிற்க வேண்டாம். மற்ற பங்காளிகளுக்கு ஒரு போன் போட்டால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.)

அடுத்தது அந்த 20 ரூபாய்ப் பத்திரம். "இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என்று எழுதியிருந்தால் பெரிய நஷ்டமில்லை, இருக்கிற நிலைமையைத்தான் அது சொல்கிறது. "சம்பளப் பாக்கி எல்லாம் வாங்கிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தால் அங்கேதான் வினை. வெற்றுப் பத்திரம் என்றால் இன்னும் மோசம். அம்மாவுக்கு நினைவிருக்கிறதை, என்ன தேதி, யார் வந்தார்கள், படித்துக் காட்டினார்களா, எழுத்து இருந்ததா, கையெழுத்தா கைநாட்டா, எத்தனை இடத்தில், எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டு வை. வக்கீலைப் பார்த்ததும் இதைப் பற்றி எழுத்தில் ஒரு மனுவோ புகாரோ பதிந்து வைப்பது நல்லது. இனிமேல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், தெரிந்தவர் கொடுத்தாலும்.

சம்பளப் பாக்கிதான் உங்கள் பக்கம் பலமான விஷயம். மாதம் 3,000, 24 மாதம், 72,000 ரூபாய். கேட்காமல் விட்டால் கெடு தாண்டிவிடும், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் மூன்று வருஷம்தான் கணக்கு. பேங்க் பாஸ்புக்கில் முன்னால் மாதாமாதம் ஏறிய வரவுதான் அத்தாட்சி, அதைப் பதிவு போட்டு வாங்கு. ரேஷன் கார்டு, கரண்டு பில் கட்டிய ரசீது, படைப்புக்கு (முன்னோர்க்குப் படைக்கிற கும்பிடு) முன்னால் வீட்டைக் கூட்டிக் கழுவி வைக்கச் சொல்லி ஆச்சி அனுப்பிய வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அது, எல்லாம் வேண்டும். போனை மாற்றிவிடாதே.

இதைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் சட்டப் பணிகள் குழு மூலமாகவே, வழக்குக்கு முந்தைய சமரசமாகப் பேசலாம். அவர்களே எதிர்த் தரப்புக்குக் கடிதம் போட்டு வரச் சொல்வார்கள். நான் என்றால் மூன்று கேட்பேன்: பாக்கிச் சம்பளம், இத்தனை வருஷத்துக்கு ஒரு தொகை, சித்திரை வரைக்கும் அவகாசம். எல்லாம் எழுத்தில். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் அந்தத் தீர்வுக்குக் கோர்ட் தீர்ப்பின் மதிப்பு உண்டு, அதன் மேல் அப்பீல் கிடையாது, பணம் கொடுக்காமல் இழுத்தடித்தால் வசூலிக்க வழி இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரிய ஆச்சி இருந்தவரைக்கும் பொங்கலுக்குச் சேலை வந்திருக்கும், அடுத்த தலைமுறைக்கு உன் அம்மா முகமே தெரியாது, அதுதான் பிரச்சினை. நேரில் உட்கார்ந்தால் பாதி இறங்கி வருவார்கள். அதற்குள் மிரட்டினாலோ பூட்டை உடைத்தாலோ அது போலீஸ் விஷயம், புகார் கொடுத்து ரசீது வாங்கு.

லோன் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய், ஆனால் படபடப்பு எந்தக் கிழமை அதிகமாக வருகிறது என்று கவனித்துப் பார். வசூல்காரர் வருகிற நாளும் அதுவும் ஒன்றாக இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிப்படி மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு (குழு லோன் மாதிரியானவை) காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்கு மேலும் போன் பண்ணக் கூடாது, வசூல் பேசி வைத்த இடத்தில்தான், தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம், மிரட்டவோ ஏசவோ கூடாது. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. சம்பளமே நின்றுபோன வீட்டில் இரண்டாவது லோனை எந்தக் கணக்கில் கொடுத்தார்கள்? கேட்க வேண்டிய கேள்வி. கடன் தள்ளுபடி ஆகாது, அந்த ஆசை வேண்டாம். தவணையைக் குறைத்து நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேட்கலாம், மற்றதை வக்கீல் பார்ப்பார்.

அம்மா விதவை உதவித்தொகை வாங்குகிறாரா? கடிதத்தில் இல்லை. 2023இல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள், இ-சேவை மையத்தில் மனுப் போடலாம், அப்பாவின் இறப்புச் சான்று வேண்டும். சொந்த மனை இல்லை என்றால் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்குத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடு. 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் என்றார்கள், அந்த மாதிரி உதவிக்கும் முதலில் கையில் பட்டா இருக்க வேண்டும். உடனே கிடைத்துவிடாது, ஆனால் மனு ரசீது என்று ஒன்று கையில் இருக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்ட வேலையே சில பேருக்கு நோயைக் கூட்டிவிடும். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கிளினிக்கில் ஓர் அக்காவின் கதையைக் கேட்டுக் கொதித்துப்போய், அன்றைக்கே புருஷன் வீட்டுக்கு நோட்டீஸ் அடித்துவிட்டேன். பதில் நோட்டீஸ் நேராக அவர் கைக்கே வந்தது. வக்கீல் பதிலில் எப்போதும் எழுதுகிற மாதிரி கண்டபடி எழுதியிருந்தார்கள், "நடத்தை சரியில்லாதவர், புத்தி பேதலித்தவர்" என்று. எங்களுக்கு அது வாடிக்கையான வாசகம், படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அந்த அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கவுன்சிலர் என்னைக் கூப்பிட்டு ஏசினார், ஏச்சு நியாயம்தான். அதிலிருந்து எது அனுப்புவதாக இருந்தாலும் டாக்டரையோ கவுன்சிலரையோ முதலில் கேட்டுவிடுகிறேன், "இந்த வாரம் இவங்க இதைத் தாங்குவாங்களா?" என்று. பதிலும் என் விலாசத்துக்குத்தான் வர வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். அந்தக் கேள்வியை உடனே கேட்டு உடனே பதில் வாங்கலாம் என்பதற்காகத்தான் வக்கீல் கிளினிக்குக்குள்ளேயே உட்காருவது, இல்லையென்றால் கோர்ட் வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாமே. நீயும் அந்த வக்கீலிடம் சொல்லிவை, எந்தத் தபாலும் பின்கட்டு விலாசத்துக்கு வர வேண்டாம் என்று.

புதன்கிழமை போகும்போது பாஸ்புக், ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்று, லோன் அட்டை இரண்டும், நீ எழுதி வைத்த நோட்டு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டாம், முதல் நாள் பத்திரமும் பாக்கியும் போதும். பேச்சை அம்மாவே பேசட்டும், நடுவில் அழுதால் அழட்டும், நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே. வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதே. வெளியே வந்ததும் வக்கீல் சொன்னதில் அம்மாவுக்கு என்ன புரிந்தது என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே அந்த நோட்டில் எழுதிவிட்டு, எனக்கும் ஒரு வரி போடு.